பாட்டியைப் பற்றி நாலு வரிக்கு மேல் எழுத வரவில்லை

கேள்வி: எங்கள் பாட்டி ஐந்து மாதங்களுக்கு முன் 87 வயதில் காலமானார். தாத்தா இளம் வயதிலேயே போய்விட, நாலு பிள்ளைகளையும் தனியாளாக நின்று வளர்த்தவர். கடைசிவரை அவரைக் கேட்காமல் வீட்டில் எந்த முடிவும் எடுத்ததில்லை. ஓராண்டு நிறைவுக்கு அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டு உறவினர்களுக்குக் கொடுப்பதென்று பேசி, ‘நீதான் நல்லா எழுதுவே’ என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். உட்கார்ந்தால் ‘அன்பே உருவானவர், உழைப்பால் உயர்ந்தவர்’ என்று நாலு வரிக்கு மேல் வரவில்லை. அந்த நாலு வரி யாருடைய பாட்டிக்கும் பொருந்தும். இதற்கிடையில் அத்தை, ‘என் படிப்பை நிறுத்தினது அம்மாதான், அதையும் எழுது’ என்கிறார். அப்பாவோ, ‘அன்னைக்கு நிலைமை அப்படி, அம்மா மேல பழி போடாதே’ என்று கோபப்படுகிறார். தம்பி, ‘போனவங்களைப் போக விடு, ஏன் கிளறிக்கிட்டே இருக்கே’ என்கிறான். எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. பாட்டியின் குரல் இப்போதே மனதில் மங்குகிறது. அவரோடு பிறந்தவர்களில் தங்கை ஒருவர்தான், எங்கள் சின்னப் பாட்டி, இன்னும் இருக்கிறார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நான் எங்கே தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

‘அந்த நாலு வரி யாருடைய பாட்டிக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கண்டுகொண்டவரால் இந்தப் புத்தகத்தை நன்றாகவே எழுத முடியும். உங்களுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. எழுதுவதற்கான சரக்கு இன்னும் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. முதல் மூன்று மாதம் ஒரு வரிகூட எழுத வேண்டாம். கேளுங்கள், சேருங்கள், குறித்து வையுங்கள். எழுத்து தானாக வரும்.

அந்த நாலு வரி ஏன் முந்திக்கொண்டு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜில் இருந்த உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை இங்கிலாந்துக்காரர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து திரும்பச் சொல்ல வைத்தார். 1932இல் அந்த ஆய்வை வெளியிட்டார். நாளாக ஆகக் கதை சுருங்கியது. அவர்களுக்குப் பழக்கமில்லாத பகுதிகள் ஒன்று காணாமல் போயின, இல்லையென்றால் பழக்கமான வேறொன்றாக மாறின. கதையில் வந்த மரத்தோணி வெறும் படகாகிவிட்டது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகிவிட்டது. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. நாம் ஒன்றை நினைவுகூரும்போது அதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறோம், கட்டும்போது நமக்கு ஏற்கெனவே தெரிந்த வடிவத்துக்குள் அதை இழுத்துவிடுகிறோம் என்பது அவர் கண்டது.

இறந்தவர்களுக்கும் வீடுகளில் இதுதான் நடக்கிறது. அந்த ஒருத்திக்கே உரிய கோணல்கள், பிடிவாதங்கள், வாய்ச்சொற்கள் எல்லாம் முதலில் உதிர்கின்றன. ‘குடும்பத்துக்காகவே வாழ்ந்த தாய்’ என்று எல்லோருக்கும் தெரிந்த உருவம் மட்டும் மிஞ்சுகிறது. ஐந்து மாதத்தில் உங்கள் வீட்டில் அது தொடங்கியாயிற்று. ஆகவே எது உதிரப்போகிறதோ அதை முதலில் எழுதி வையுங்கள். கோபம் வந்தால் பாட்டி சத்தம் போடுவாரா, பேசாமல் இருந்துவிடுவாரா? பணத்தை எப்படி எண்ணுவார், எங்கே வைப்பார்? போனை எடுத்ததும் முதல் சொல் என்ன? யார் வந்தால் குரலைத் தாழ்த்துவார்? யாரோடு கடைசிவரை பேசவில்லை? எந்தப் பொருளை யாரும் தொடக் கூடாது என்பார்? கையெழுத்துப் போடும்போது எங்கே நிறுத்தி யோசிப்பார்? ‘இதெல்லாம் போய் எழுதுவார்களா’ என்று தோன்றும் விஷயங்கள்தான் அவரை வேறு எந்தப் பாட்டியோடும் குழப்ப முடியாதபடி நிறுத்தி வைக்கும். ஒரு நோட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நடு இரவில் நினைவு வந்தாலும் அரை வரி கிறுக்கிவிடுங்கள். முழு வாக்கியமாக இருக்க வேண்டாம்.

இனி, யாரிடம் முதலில் போவது? சின்னப் பாட்டியிடம். அப்பாவுக்கும் அத்தைக்கும் உங்கள் பாட்டி, அவர்கள் பிறந்த நாள் முதல் அம்மா. உங்களுக்கு அவர் எப்போதுமே வயதானவர். அவரைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக, கல்யாணத்துக்கு முன்பு என்ன ஆசைப்பட்டவர், எதற்குப் பயந்தவர் என்று அறிந்தவர் உலகத்தில் இன்னும் ஒருவர்தான் மிச்சம். அந்தப் பாதி வாழ்க்கை உங்கள் வீட்டில் வேறு யாரிடமும் இல்லை.

வயதானவர், என்ன நினைவிருக்கப் போகிறது என்று தயங்காதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலம்தான் அதிகமாகவும் தெளிவாகவும் வருகிறது. ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கும் விஷயம் இது. நேற்று யார் வந்தார்கள் என்பதை மறந்தவர், அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானத்தை அப்படியே சொல்வார். ‘கிழவியைப் போட்டுத் தொந்தரவு செய்கிறோமோ’ என்றும் நினைக்காதீர்கள். முதியவர்கள் பழங்கதை பேசுவதை மூளைத் தளர்ச்சியின் அறிகுறியாகவே மருத்துவர்கள் பார்த்துவந்த காலத்தில், 1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். வாழ்க்கையின் கடைசிப் பகுதியில் மனிதர்கள் தாம் வாழ்ந்ததைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானது, அவர்களுக்குத் தேவையானது என்றார். உங்கள் சின்னப் பாட்டியும் அக்காவை இழந்தவர். அவரிடம் அக்காவைப் பற்றி யாராவது பேசினார்களா என்று யோசித்துப் பாருங்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளிடம் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள், கூடப் பிறந்தவர்களை யாரும் கவனிப்பதில்லை.

‘அக்கா எப்படிப்பட்டவங்க?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ‘தங்கமானவ’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார், மறுபடியும் அந்த நாலு வரிக்கே வந்து நிற்பீர்கள். ‘நீங்க ரெண்டு பேரும் எங்கே படுப்பீங்க? சண்டை வந்தா யார் முதல்ல பேசுவீங்க? அவங்க கல்யாணம் முடிஞ்சு கிளம்பின அன்னைக்கு நீங்க என்ன பண்ணினீங்க?’ என்று இடத்தையும் நாளையும் பிடித்துக் கேளுங்கள். ஒரு பழைய போட்டோவைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். படத்தில் ஓரமாக நிற்பவரைக் காட்டி ‘இது யாரு’ என்று கேட்டாலே போதும், பேச்சு எங்கேயோ போகும். போகட்டும், திருப்பி இழுக்காதீர்கள். நடுவில் அவர் மௌனமானால் அடுத்த கேள்விக்குத் தாவாமல் காத்திருங்கள். பல நேரம் நல்ல பகுதி அந்த மௌனத்துக்கு அப்புறம்தான் வரும். வருடத்தைத் தப்பாகச் சொன்னால் அந்த இடத்தில் திருத்த வேண்டாம். ஆவணங்களை வைத்துப் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். அங்கேயே திருத்தினால் அவருக்குத் தன் நினைவின் மேல் சந்தேகம் வந்து, சொல்ல வந்ததையும் விழுங்கிவிடுவார்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கறந்துவிட முயல வேண்டாம். அமெரிக்காவில் ஸ்டோரிகார்ப்ஸ் என்றொரு அமைப்பு இருக்கிறது. 2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையோடு தொடங்கியது. சாதாரண மனிதர்கள் இரண்டு பேர், பெரும்பாலும் ஒரே குடும்பத்தவர், உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டுப் பதிவு செய்வார்கள். நேரம் 40 நிமிடம். அந்தப் பதிவுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் சேமிக்கப்படுகின்றன. நாற்பது நிமிடம் வயதானவர்களுக்கும் தாங்கும் அளவு. அப்படி மூன்று நான்கு தடவை போங்கள். முதல் தடவை கிளம்பி வந்த பிறகு அவருக்கு நிறைய ஞாபகம் வரும், அடுத்த தடவை அதைச் சொல்லக் காத்திருப்பார்.

பதிவு செய்ய உங்கள் போன் போதும். முதலில் அவரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். அழைப்பு எதுவும் குறுக்கே வராதபடி போனை விமானப் பயன்முறையில் போட்டு, அவருக்குப் பக்கத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டால் குரல் தெளிவாக விழும். தொடக்கத்தில் தேதியையும் யார் யார் பேசுகிறீர்கள் என்பதையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, அத்தை விஷயத்துக்கு வருகிறேன். உங்களை உண்மையில் எழுத விடாமல் நிறுத்தி வைத்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். அத்தை சொன்னது புத்தகத்தில் வர வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

எமோரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் குடும்பக் கதைகள் பிள்ளைகளுக்கு என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தவர்கள். அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், வீட்டில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தது என்பது போன்ற இருபது கேள்விகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கேட்டார்கள். தங்கள் குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. கதை தெரிந்ததால் மட்டுமே அது வந்துவிடாது, அந்தக் கதைகளை உட்கார்ந்து பேசும் வீடாக இருப்பதுதான் முக்கியம் என்று அவர்களே சொல்கிறார்கள். ‘நாங்கள் ஏறிக்கொண்டே போனோம்’ என்ற கதையையும் ‘எல்லாம் போயிற்று’ என்ற கதையையும்விட, ‘ஏறினோம், விழுந்தோம், மறுபடி எழுந்தோம்’ என்று இரண்டையும் மறைக்காமல் சொல்லும் கதைதான் பிள்ளைகளுக்கு வலு தருகிறது என்பதும் டியூக்கின் கருத்து. உங்கள் புத்தகத்தை நாளைக்குக் கையில் எடுக்கப்போவது பாட்டியைப் பார்த்தே இராத கொள்ளுப் பேரப்பிள்ளைகள். பூசி மெழுகிய கதையில் அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

அதற்காக, பாட்டி செய்தது சரியா தப்பா என்று தீர்ப்பு எழுதும் இடத்தில் நீங்கள் உட்காரக் கூடாது. அத்தை சொல்வதை அத்தையின் வார்த்தையில், அவர் பெயரோடு போடுங்கள். அப்பா சொல்வதை அப்பாவின் வார்த்தையில் போடுங்கள். இரண்டையும் ஒட்டி ஒரே பத்தியாக்க வேண்டாம். ஆனால் போடுவதற்கு முன் இரண்டு பேரையும் இன்னும் ஆழமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அத்தையிடம்: எந்த வகுப்பில் நின்றது, அன்று காலையில் யார் என்ன சொன்னார்கள், அதற்கப்புறம் அம்மாவும் மகளும் அதைப் பற்றி எப்போதாவது பேசினார்களா? அப்பாவிடம்: ‘நிலைமை’ என்றால் என்ன நிலைமை? கடன் இருந்ததா, யார் சம்பாதித்தார்கள், அந்த வருடம் வீட்டில் யார் யார் படித்துக்கொண்டிருந்தார்கள்? அண்ணன் தம்பிகள் தொடர்ந்து படித்து, மகள் மட்டும் நின்றார் என்றால் ‘நிலைமை’ என்ற ஒரு சொல்லைப் போட்டு அதை மூட முடியாது. அப்பாவுக்கும் உள்ளுக்குள் அது தெரிந்திருக்கலாம். அவருடைய கோபத்தில் கொஞ்சம் குற்ற உணர்வும் கலந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேளுங்கள்.

இப்படிக் கேட்டால் பாட்டியின் பெயர் கெட்டுவிடும் என்று அப்பா பயப்படுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணவனை இழந்து நாலு பிள்ளைகளோடு நின்ற ஓர் இளம்பெண், இருந்த கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுத்திருக்கிறார். சில முடிவுகள் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைச் சுருக்கிவிட்டன. ‘தனியாளாக வளர்த்தார்’ என்று ஒரு வரியில் எல்லோரும் மெச்சுகிறோமே, அதற்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது. அத்தையின் படிப்பைச் சொல்லாமல் விட்டால் பாட்டியின் பாரமும் சேர்ந்து மறைந்துவிடும். இன்னொன்று, உயிரோடு இருந்தவரை அம்மாவிடம் கேட்க முடியாததை அத்தை இப்போது உங்களிடம் சொல்கிறார். அவரும் தாயை இழந்து ஐந்து மாதமே ஆனவர். அம்மா மேல் உயிரும் அம்மா மேல் தீராத வருத்தமும் ஒரே மனதில் இருக்க முடியும். அவருடைய பகுதியை எழுதியதும் அச்சுக்குப் போகுமுன் அவரிடம் படித்துக் காட்டுங்கள். ஒரு வரியை எடுத்துவிடு என்றால் எடுத்துவிடுங்கள், வலி அவருடையது. அப்பாவுக்கும் அப்படியே. ஆனால் ஒருவர் சொன்னதை எடுக்கச் சொல்லும் உரிமை மற்றவருக்கு இல்லை என்பதை இருவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் அச்சில் போட்டாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உயிரோடு இருக்கும் மூன்றாம் மனிதர்களின் ரகசியங்கள், சொத்துப் பேச்சுகள், நோய் விவரங்கள் வரும். அவற்றைத் தனி நோட்டில் எழுதி, தேதியிட்டு, பத்திரமாக வைத்துவிடுங்கள்.

தம்பியைப் பற்றி. இறந்தவரிடமிருந்து மனதைச் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று 1917இல் எழுதியவர் சிக்மண்ட் ஃப்ராய்டு. தம்பி சொல்வது கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஃப்ராய்டின் மகள் சோஃபி 1920இல் இறந்துபோனார். ஒன்பது வருடம் கழித்து, அவளுக்கு 36 வயது ஆகியிருக்க வேண்டிய நாளில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்த இழப்புக்கு ஆறுதலும் கிடையாது, ஈடும் கிடையாது, அந்த இடம் நிரம்பாமல் இருப்பதுதான் அன்பை விட்டுவிடாமல் தொடர ஒரே வழி என்ற கருத்தை எழுதினார். 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் தொகுத்த ஆய்வுகள், இறந்தவரோடு உள்ள உறவை வேறு வடிவில் தொடர்வது நோயல்ல, பலருக்கும் இயல்பானது என்று காட்டின. ஆகவே நீங்கள் செய்வதில் தப்பில்லை. தம்பி விலகி நிற்பதிலும் தப்பில்லை, அவனால் தாங்க முடிகிற விதம் அது. அவனிடம் கதை கேட்டு நெருக்க வேண்டாம். அவன் போனில் பாட்டியின் படமோ குரலோ இருந்தால் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குரல் மங்குகிறது என்ற பயத்துக்கு உடனே செய்யக்கூடிய வேலை இதுதான். பாட்டியின் குரல் நிச்சயம் எங்கேயோ இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகளில், யாரோ எடுத்த பிறந்தநாள் வீடியோவில், கல்யாண வீடியோவில் பின்னால் யாரையோ கூப்பிடும் சத்தத்தில். இந்த வாரமே எல்லா உறவினருக்கும் ஒரு செய்தி போடுங்கள். போன் மாற்றும்போதும் தொலைக்கும்போதும் போகிற பொருள் இது. அலமாரியில் கிடக்கும் பழைய போன்களையும் பார்க்கச் சொல்லுங்கள். படங்களையும் வீடியோக்களையும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய கேசட் இருந்தால் தாமதிக்காமல் டிஜிட்டலாக மாற்றிவிடுங்கள், காந்த நாடா வயதாக ஆகக் கெடும். பூஞ்சை பிடித்திருந்தால் நீங்களே ஓட்டிப் பார்க்காமல் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

போட்டோக்களில், வண்ணப் படங்களின் சாயம் மங்கும், பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் அதைவிட நீண்ட காலம் தாங்கும். ஆகவே வண்ணப் படங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் எடுத்தால் பெரிதாக்கினாலும் முகம் தெரியும். பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பாயிண்ட் பேனா அழுந்தி முன்பக்கத்தில் தடம் விழும். பசைப் பக்கமுள்ள பழைய ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். சேர்ந்ததையெல்லாம் மூன்று பிரதி வையுங்கள். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

எழுத உட்காரும்போது ஒரே ஒரு யோசனை. அவருடைய சிறு வயதைச் சொல்லும் பகுதியில் ‘பாட்டி’ என்று எழுதாமல் அவர் பெயரையே எழுதுங்கள். வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர் இருந்தால் அதை எழுதுங்கள். அந்தப் பக்கங்களில் அவர் இன்னும் யாருக்கும் அம்மாவாகவோ பாட்டியாகவோ ஆகாதவர். கணக்கு நோட்டோ கடிதமோ கிடைத்தால் அவர் கையெழுத்தை அப்படியே படமாக அச்சிடுங்கள். பிறந்த தேதி சான்றிதழில் ஒன்றாகவும் வீட்டுப் பேச்சில் வேறாகவும் இருந்தால் இரண்டையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

சின்னப் பாட்டிக்குக் காது மந்தம் என்பதால் போனில் பேசிப் பார்க்க வேண்டாம், நேரில் போங்கள். அவர் தெளிவாகவும் உற்சாகமாகவும் இருப்பது காலையிலா சாயங்காலத்திலா என்று கூட இருப்பவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் காதில் நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம், உங்கள் உதடு தெரியும்படி உட்காருங்கள். கேள்விகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால் கத்த வேண்டியிருக்காது. அத்தையும் வருகிறேன் என்றால் அழைத்துப்போங்கள். தன் அம்மா சிறுமியாக இருந்த கதையை அவரும் கேட்டிருக்க மாட்டார்.